மோட்டார் பேரிங்கில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

புது ஊருக்குப் போனால் மற்றவர்கள் கோபுரம் பார்ப்பார்கள், கடை பார்ப்பார்கள். நான் தார் பார்ப்பேன். சென்னை விமான நிலையத்தில் வேன் கிளம்பியதிலிருந்து ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு சாலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். கிண்டி வரை சுமார். சர்தார் பட்டேல் சாலை பரவாயில்லை. பெசன்ட் நகருக்குள் திரும்பியதும் ஒரு வேகத்தடை, வெள்ளைக் கோடு எதுவும் இல்லாமல், திருட்டுத்தனமாகப் படுத்திருந்தது. வேனில் இருந்த நாலு பேர் தலையும் கூரையில் இடித்தது.

"இதுதானா உன் ஊர்?" என்று மெய் லிங் தலையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

என் ஊர் ஈப்போ. கொள்ளுத்தாத்தா காலத்திலேயே கப்பலேறி மலேசியா வந்த குடும்பம். இந்தியாவில் நான் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. ஆனால் அணியில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆட்டோ, கடை, குடிதண்ணீர், கொசுவர்த்தி எல்லாம் என் தலையில்தான் விழப்போகிறது என்று அந்த இடியிலேயே புரிந்துவிட்டது.

எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஒரே வரிசையில் ஐந்து சக்கரம் வைத்த ஸ்கேட்டைக் காலில் மாட்டிக்கொண்டு மாரத்தான் தூரம் பந்தயம் ஓடுவது. கோலாலம்பூரில் ஒரு காலணிக் கம்பெனி மாதச் சம்பளம் கொடுத்து எங்கள் நாலு பேரையும் அணியாக வைத்திருந்தது. மெய் லிங் தலைவி. கடைசி ஐந்நூறு மீட்டரில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. அடுத்தவள் ரோஸ்னா, மூன்றாமவள் பெட்டி. நாலாவது நான், செல்வி. என் வேலை இழுப்பது. வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவள்தான் எதிர்காற்றை நெஞ்சில் வாங்குவாள். பின்னால் வருகிறவர்கள் அவள் முதுகின் மறைவில் குனிந்து, சக்தியை மிச்சம் பிடித்துக்கொண்டு வருவார்கள். நான் ஜெயிக்க வேண்டியவள் இல்லை, ஜெயிக்கிறவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவள். இதோடு எல்லோருடைய சக்கரங்களையும் கழற்றித் துடைத்து மாட்டுவதும் என் பொறுப்பு.

நாங்கள் தங்கியது பெசன்ட் நகரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு மாடியில். கீழே வைதேகி மாமி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் ஸ்கேட்டுகளைப் பார்த்த மாத்திரத்தில் கணக்குப் போட்டுவிட்டார்.

"நாலு பேர், எட்டுக் கால், நாப்பது சக்கரம். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பேரிங்கா? அப்போ எம்பது. நன்னா இருக்கு. வீட்டுக்குள்ள மட்டும் ஓட்டாதீங்கோடி, டைல்ஸ் போட்டு ஆறு மாசம்தான் ஆறது."

புதன்கிழமை சாயங்காலம், வந்த களைப்பு ஆறுவதற்குள், அணி மேலாளர் ஓங் எங்களை உட்கார வைத்துப் பேசினார். அது மலேசியப் பணம் ரிங்கிட்டின் மதிப்பு விழுந்துகொண்டிருந்த வருடம், தொண்ணூற்றெட்டு. ஊரில் பாதிக் கட்டடங்கள் கம்பி நீட்டிக்கொண்டு நின்றன. கம்பெனி அடுத்த மாதத்திலிருந்து மூன்று பேரைத்தான் வைத்துக்கொள்ளும் என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு யார் அந்த மூன்று பேர் என்று முடிவு செய்வாராம். இதையெல்லாம் அவர் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். மற்ற மூன்று பேரும் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அழவில்லை. எனக்குக் கோபம் வந்தால் வேலை செய்யத் தோன்றும். விடமாட்டேன் என்று மட்டும் முடிவு செய்துகொண்டு தூங்கப் போனேன்.

வியாழன் விடியலில் கடற்கரைச் சாலையில் பயிற்சி. பந்தயமும் அங்கேதான். கலங்கரை விளக்கத்தில் ஆரம்பித்து வடக்கே மூன்று கிலோமீட்டர், திரும்பி மூன்று கிலோமீட்டர், இப்படி ஏழு சுற்று. அகலமான, நேரான, அழகான சாலை. நடக்க வந்தவர்கள் குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக இருந்தார்கள். எங்களுக்கோ அப்போதே வியர்த்து ஊற்றியது. ஒரு தாத்தா எங்களைப் பார்த்து நின்ற இடத்திலேயே கும்பிட்டார். மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது: "காலுக்கு மிஷினு போட்டுக்கினு போவுதுங்க பாரு. வூட்ல ஒரு வேல வெட்டி கெடையாது போல." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெய் லிங் என்னவென்று கேட்டாள். வாழ்த்துகிறார்கள் என்றேன்.

பிரச்சினை மணல். காற்று அடிக்க அடிக்க நைசான மணல் சாலையின் ஓரமாக ஏறியிருந்தது. நாலு சுற்றில் எங்கள் சக்கரங்கள் எல்லாமே கரகரவென்று முனக ஆரம்பித்தன. பேரிங்கில் மணல் புகுந்தால் கதை முடிந்தது. எண்பதையும் கழற்றிக் கழுவியாக வேண்டும்.

எண்ணெய் வாங்க தி. நகர் போனேன். எங்களுக்கு வேண்டியது தையல் மெஷின் எண்ணெய், ஒரு பேரிங்குக்கு ஒரே ஒரு சொட்டு. ரங்கநாதன் தெருவில் நான் நடந்ததாகச் சொல்ல முடியாது. கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாத்திரக்கடையில் இறக்கியது. அங்கிருந்து எதிர்க்கூட்டத்தில் ஏறி தையல் சாமான் கடைக்கு வந்தேன். வரிசையில் முதுகு மறைவில் போகிற வித்தை தெரிந்தவளுக்கு அந்தத் தெரு கஷ்டமே இல்லை. ஒரு பருமனான மாமாவைத் தேர்ந்தெடுத்து அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ரயில் நிலையம் வரை வந்துவிட்டேன்.

மத்தியானம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. ஈப்போவில் வாழை இலை போட்டால் நண்டு வரும், பாகற்காய் வறுவல் வரும், நிதானமாகப் பேசிக்கொண்டே சாப்பிடலாம். இங்கே பரிமாறுகிறவர் ரயில் பிடிக்கப் போகிறவர் மாதிரி நின்றார். "சாம்பாரா, வத்தக்குழம்பா? சீக்கிரம் சொல்லும்மா." இரண்டும் என்றேன். முறைத்துவிட்டு இரண்டையும் ஊற்றினார். அந்த வத்தக்குழம்புக்காக இன்னும் நாலு முறைப்பு வாங்கியிருப்பேன்.

சாயங்காலம் வேலையில் இறங்கினேன். மாமி ஸ்டவ்வுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் கொஞ்சம் கொடுத்தார். ஈப்போவில் எனக்கு ஒரு முறை உண்டு. முதலில் மண்ணெண்ணெயில் ஊற வைப்பேன், பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், பிறகு தலை காயவைக்கும் டிரையரால் சொட்டு ஈரம் இல்லாமல் காயவைப்பேன். கடைசியில்தான் எண்ணெய். மற்றவர்கள் மண்ணெண்ணெயோடு நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்தமாட்டேன். அதுவும் அன்றைக்கு, என்னை விட்டால் இந்த அணிக்கு ஆள் இல்லை என்று எல்லோருக்கும் காட்டவேண்டிய அன்றைக்கு, குளியலறைக் குழாயடியில் உட்கார்ந்து எண்பதையும் மூன்று முறை அலசினேன். கண்ணாடி மாதிரி மின்னின.

டிரையரை எடுத்தேன். கரண்ட் போய்விட்டது.

அரை மணி காத்திருந்தேன். வரவில்லை. மொட்டை மாடியில் கடல் காற்று ஜிலுஜிலுவென்று அடித்துக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல டிரையர் எது என்று ஒரு வேட்டியை விரித்து எண்பதையும் வரிசையாகப் பரப்பிவிட்டு வந்தேன். காலையில் எண்ணெய் விட்டுக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் வேட்டி முழுக்க சின்னச் சின்னக் காவி வட்டம். எண்பது வட்டம். ஒன்றை எடுத்துச் சுற்றிப் பார்த்தேன். சுற்றவில்லை. இன்னொன்றை எடுத்தேன். அது சுற்றியது, அம்மியில் மிளகாய் அரைக்கிற சத்தத்தோடு. தரையில் உட்கார்ந்து மற்றதையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தேன்.

துணி உலர்த்த வந்த மாமி பார்த்துவிட்டார்.

"என்னடிம்மா இது? எந்தத் தண்ணியில அலம்பினே?"

"பாத்ரூம் குழாய்ல மாமி."

"அது போர் தண்ணின்னா! உப்புக் கரிக்குமே, வாயில விட்டுப் பாக்கலியா? எங்காத்துல கத்தி, அரிவாமனையக்கூட அதுல அலம்பமாட்டோம். அலம்பினதும் இல்லாம கடல் காத்துல வேற வச்சிருக்கே." வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மத்தவாளுக்குத் தெரியுமோ?" என்றார்.

"தெரியாது. சரி பண்ணிட்டுச் சொல்றேன்."

"அப்போ ஓடு. இங்க முழிச்சிண்டு உக்காந்திருந்தா துரு போயிடுமா?"

அன்று பயிற்சி இல்லை, ஓய்வு நாள். சனிக்கிழமை சாயங்காலம் வரை யாரும் சக்கரத்தைக் கேட்கமாட்டார்கள். எண்பதையும் ஒரு பிஸ்கட் டின்னில் அள்ளிப் போட்டுக்கொண்டு தெருமுனை ஆட்டோ நிறுத்தத்துக்கு ஓடினேன். அங்கே தேசப்பன் என்பவர் இருந்தார். பக்கத்து ஊரூர் குப்பத்துக்காரர், அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போக, இவர் மட்டும் ஆட்டோ ஓட்டுகிறார். டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கடல்ல போட்டு எடுத்தியா?"

"போர் தண்ணில கழுவினேன், அண்ணே."

"எண்ண?"

"காலைல விடலாம்னு இருந்தேன்."

தேசப்பன் உச்சுக் கொட்டினார். "எங்காளுங்க கரைக்கு வந்தா சோறு துன்றதுக்கு மின்ன இன்ஜினுக்குத்தான் எண்ண காட்டுவாங்க. கடக்கரையில இரும்ப வெறும் ஒடம்போட உடலாமா? செரி, குந்து. கிண்டில பம்பு கம்பெனில என் தங்கச்சி கீது. பேரிங் போட்றதுதான் அதுக்கு வேலையே."

அடையாறு தாண்டி ஆட்டோ இருமிவிட்டு நின்றது. தேசப்பன் அலட்டிக்கொள்ளாமல் இறங்கி, என்னையும் இறங்கச் சொல்லி, ஆட்டோவை ஒரு பக்கமாகச் சாய்த்து ஆட்டினார். அடியில் இருக்கிற பெட்ரோல் மூலைக்கு வருமாம். டின்னை அணைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் எங்கள் இரண்டு பேர் குடும்பத்தையும் விசாரித்துவிட்டுப் போனார். இரண்டாவது சாய்ப்பில் ஆட்டோ கிளம்பியது.

கிண்டி தொழிற்பேட்டையில் அது ஒரு சின்னக் கூடம். பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பம்பு மோட்டார்களைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். தேசப்பனின் தங்கை கஸ்தூரிக்கு என் வயதைவிட நாலைந்து கூட இருக்கலாம். முதலாளியிடம் கஸ்தூரியே போய்ப் பேசினார். முதலாளி என்னையும் டின்னையும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

கஸ்தூரி எண்பதையும் டீசலில் ஊறப் போட்டார். ஒரு மணி கழித்து ஒவ்வொன்றாகத் தூரிகையால் தேய்த்து, விரலில் மாட்டி, காதோரம் வைத்துச் சுண்டினார். பத்துப் பேர் சுத்தியல் தட்டுகிற கூடத்தில் அவருக்கு என்ன கேட்டதோ, சில வலது பக்கம் போயின, சில இடது பக்கம் போயின.

"இது இன்னா ஆச்சு?" என்று இடது பக்கம் போன ஒன்றை எடுத்தேன். சுற்றிப் பார்த்தால் எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. அவர்கள் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள குண்டு அரிச்சிடுச்சி, புள்ளி புள்ளியா. ஓடும். ஓடிக்கினே இருக்கசொல்ல திடீர்னு நின்னுக்கும். நீ ரோட்ல மூஞ்சி பேந்து கெடப்ப."

மத்தியானம் அவருடைய டிபன் பாக்ஸில் பாதி எனக்கு. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. எங்கள் ஊரில் இதே மீனை இகான் பிலிஸ் என்று பொரித்துத் தேங்காய்ச் சோற்றின் மேல் தூவுவோம் என்றேன். "மேல தூவினா சோத்துக்கு இன்னா ருசி ஏறும்?" என்று கஸ்தூரி பரிதாபப்பட்டார். குழம்பை ஒரு வாய் வைத்ததும் நான் ஈப்போ சார்பில் தோல்வியை ஒப்புக்கொண்டேன்.

நாலு மணிக்குக் கணக்கு முடிந்தது. வலது பக்கம் அறுபது, இடது பக்கம் இருபது. ஒரு ஆளுக்கு வேண்டியது இருபது. சரியாக ஒரு ஆள் குறைந்தது.

கஸ்தூரி அலமாரியிலிருந்து புதுப் பேரிங் எடுத்து அளந்தார். அளவு அச்சு அசலாக அதேதான். ஆனால் மோட்டாருக்கானது. உள்ளே கெட்டியாக கிரீஸ் அடைத்து இரண்டு பக்கமும் தகட்டு மூடி. விரலில் சுண்டினால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போதும் என்று நின்றது. எங்களுடையது அரை நிமிடம் சுற்றும்.

"மூடியைக் கழட்டிக் கிரீஸை எடுத்துடலாமா?"

"அமுக்கி வெச்ச மூடி, நோண்டுனா நெளிஞ்சிடும். மண்ணெண்ணல போட்டீனா பாதி கரைஞ்சி உள்ளயே கஞ்சியாட்டம் நிக்கும். அப்டியே ஓட்டு."

"ரொம்ப கனமா இருக்குமே, அக்கா."

"இருக்கும். ஆனா நிக்காது. பம்பு ராவும் பகலும் ஓடுது, நின்னுதா?"

முதலாளிக்கு நன்றி சொல்லி, இருபதையும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கஸ்தூரி வாசல் வரை வந்து, "உளுந்துடாத" என்றார்.

சனிக்கிழமை காலை எல்லோரையும் மயிலாப்பூருக்கு அழைத்துப் போனேன். கோயில் குளத்துக்குப் பக்கத்தில் டிபன். பெட்டி இரண்டு தட்டுப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு, குளத்துப் படிக்கட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்து தூங்கிவிட்டாள். பந்தயத்துக்கு முதல் நாள் சாப்பிட உலகத்திலேயே சிறந்த பொருள் இட்லிதான் என்று மெய் லிங் தீர்ப்புச் சொன்னாள். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். இப்போது சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் காப்பியைக் குடித்தேன்.

மத்தியானம் அறையைச் சாத்திக்கொண்டு அறுபதுக்கும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டேன். மெய் லிங்குக்கு மாட்டினேன், ரோஸ்னாவுக்கு மாட்டினேன். பிறகு பெட்டியின் ஸ்கேட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொய் சொல்லமாட்டேன். மூன்றாவது இடத்துக்குப் போட்டி எனக்கும் பெட்டிக்கும்தான். மோட்டார் பேரிங் அவள் காலில் இருந்தால் நாலாவது சுற்றில் அவள் கழன்றுவிடுவாள், பொங்கல்தான் காரணம் என்று எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டு சக்கரம் மாட்டியும்விட்டேன். திருகாணியை இறுக்கியபோது பக்கத்து அறையில் பெட்டி குறட்டை விடுவது கேட்டது. சே என்று ஆகிவிட்டது. கழற்றினேன். கழுவினது நான், காயவைத்தது நான். இருபதையும் என் ஸ்கேட்டிலேயே மாட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர், இலங்கை, தைவான் அணிகள் வந்திருந்தன. சண்டிகர், பெங்களூர்ப் பெண்களும் நிறையப் பேர். ஆறு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது, கொடியசைக்க வேண்டிய விருந்தினர் வந்து சேர அரை மணி தாமதம். போலீஸ்காரர்களுக்கோ எட்டு மணி என்றால் எட்டு மணிதான், சாலையைத் திறந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் பத்து மீட்டரிலேயே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் ஒரு தள்ளு தள்ளிவிட்டு வழுக்கிக்கொண்டு போகிற இடத்தில் நான் இரண்டு தள்ளு தள்ளவேண்டியிருந்தது. சும்மா விட்டால் சக்கரம் சும்மா நின்றது. சரி, சும்மா விடப்போவதில்லை என்று முன்னால் போய் வரிசையைப் பிடித்தேன். வடக்கே போகும்போது எதிர்காற்று. குனிந்து, கை இரண்டையும் வீசி, மூச்சை எண்ணிக்கொண்டு இழுத்தேன். ஒரு சுற்று. இரண்டு. மூன்றாவதில் தைவான்காரிகள் தாண்டப் பார்த்தார்கள், விடவில்லை.

நாலாவது சுற்றில் தொடை எரிய ஆரம்பித்தது. என் இடுப்பில் ஒரு கை பட்டது. பின்னால் இருப்பவள் முன்னால் இருப்பவளைத் தள்ளிக் கொடுப்பது எங்கள் வழக்கம். மெய் லிங்கின் கை. தள்ளியவள் திகைத்திருக்க வேண்டும், உடனே கத்தினாள்.

"என்ன உன் சக்கரம்? சிக்கிக்கொண்டதா?"

"இல்லை! வா!"

ஐந்தாவது சுற்றில் எதிர்காற்று முடிகிற திருப்பம் வரை நான் கொண்டுபோய்விட்டால், அங்கிருந்து ரோஸ்னாவும் பெட்டியும் மெய் லிங்கைப் பார்த்துக்கொள்வார்கள். அந்தத் திருப்பத்துக்கு மேல் எதையும் யோசிக்கவில்லை. கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் வந்தன. திருப்பத்தில் கையைத் தூக்கி விலகினேன். மூன்று பேரும் என்னைத் தாண்டிப் போனார்கள். எல்லோரும் தாண்டிப் போனார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு சுற்றுக்கு மேல் தனியாக. வழுக்கிப் போவது என்ற சுகமே அந்தச் சக்கரங்களில் கிடையாது, ஒவ்வொரு மீட்டருக்கும் கால் உழைக்கவேண்டும். விழுந்தவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன் என் பக்கத்தில் வந்து கதவைத் திறந்தது. சாத்தச் சொன்னேன். மறுபடி திறந்தார்கள். மறுபடி சாத்தச் சொன்னேன், இந்தத் தடவை ஈப்போத் தமிழில், நல்ல சத்தமாக.

கடைசி மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது எட்டு மணி ஆகிவிட்டது. தடுப்புகளை இழுத்துப் போட்டார்கள். இரண்டு பஸ், ஒரு தண்ணி லாரி, பால் வண்டி, பத்து ஸ்கூட்டர் என்று எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்தன. பின்னால் ஒரு ஆட்டோ விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. திட்டலாம் என்று திரும்பினால் தேசப்பன். என் முதுகை ஒட்டி ஆட்டோவை ஓட்டி, யாரையும் நெருங்கவிடாமல் வந்தார். "நீ போம்மா! எவனும் உம்மேல உட மாட்டான், நான் கீறன்!"

கலங்கரை விளக்கத்தடியில் பந்தயக் கோட்டின் மேல் கார் ஒன்று நின்றிருந்தது. துணிப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நேரம் குறித்தவர் மேசையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"ரேஸ் முடிஞ்சிடுச்சும்மா."

"எனக்கு இப்பத்தான் முடிஞ்சுது. எழுதுங்க."

"ரிசல்ட்டே குடுத்தாச்சு."

"ஏழு சுற்று ஓடியிருக்கேன். எழுதுங்க."

நான் நகரமாட்டேன் என்று தெரிந்ததும் அவர் மேசையை விரிக்காமல், காரின் பானெட் மேல் நோட்டை வைத்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து என் எண்ணையும் நேரத்தையும் எழுதினார்.

மெய் லிங் இரண்டாவது. ரோஸ்னா ஏழாவது, பெட்டி ஒன்பதாவது. எங்கள் அணி வாங்கியதிலேயே அது பெரிய இடம். ஓங் சிரித்த முகத்தோடு என்னிடம் வந்தார்.

"ஐந்து சுற்று பிரமாதமாக இழுத்தாய். பிறகு என்ன ஆயிற்று? வெயிலா?"

வெயில் என்று சொல்லியிருக்கலாம். வெளியூரிலிருந்து வந்தவர்கள் சென்னையைக் குற்றம் சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. மெய் லிங்கும் பக்கத்தில் நின்றாள். உப்புத் தண்ணீரிலிருந்து கிண்டி வரை எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியின் ஸ்கேட்டில் இரண்டு சக்கரம் மாட்டிக் கழற்றியதையும் சொல்லிவிட்டேன்.

ஓங்கின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"கழுவியது தவறு, அதை விட்டுவிடலாம். பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது எண்பது பேரிங் போனதை என்னிடம் மறைத்தவளை நான் எப்படி வைத்துக்கொள்வது?"

நான் குனிந்து ஸ்கேட்டின் கயிற்றை அவிழ்த்தேன். அன்று சாயங்காலமே எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவர் கோலாலம்பூருக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். மூன்று பெயர்கள். மாமி எனக்குத் தயிர்சாதம் பிசைந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதைச் சாப்பிடும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நாலு வருடம் இந்தப் பெண்களின் முன்னால் போய்க் காற்று வாங்கியிருக்கிறேன். இனி யாருக்கு வாங்குவேன்?

திங்கட்கிழமை மத்தியானம் விமானம். விடிந்ததும் ஸ்கேட்டை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போனேன். அணி இல்லாவிட்டால் என்ன, கால் இருக்கிறது. கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஆட்டோ வந்து நின்று மெய் லிங் இறங்கினாள். என் பக்கத்தில் நடைபாதையில் உட்கார்ந்து, திருகாணிச் சாவியை எடுத்து, தன் ஸ்கேட்டிலிருந்த பத்துச் சக்கரங்களையும் கழற்றினாள். பிறகு என் காலைத் தன் மடிமேல் இழுத்து வைத்து என்னுடையதைக் கழற்றினாள். அவளுடையதை எனக்கு மாட்டினாள், என்னுடையதைத் தனக்கு மாட்டிக்கொண்டாள்.

"என் பின்னால் வா" என்றாள்.

அவள் முன்னால் போய் நான் பின்னால் போவது அதுதான் முதல் தடவை. எதிர்காற்று நன்றாகவே இருந்தது. அவள் முதுகு மறைவில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, சக்கரம் தானாக ஓடியது. திருப்பத்துக்கு முன்பே அவள் தோள் ஏறி இறங்குவது தெரிந்தது. நான் முன்னால் வரட்டுமா என்று கேட்டேன். கையை ஆட்டி மறுத்துவிட்டாள். ஒரு சுற்று முடித்து கலங்கரை விளக்கத்தடிக்கு வந்ததும் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தாள். மூக்கு நுனியிலிருந்து வியர்வை தாரில் சொட்டியது. நிமிராமலே கேட்டாள்.

"இதிலா ஐந்து சுற்று ஓடினாய்?"

"ஏழு" என்றேன்.